மாநாட்டுச் செயலர்

கரு வளர்ச்சியியல் பேராசிரியர் ஆய்வகத்தில் பரம சாது. வரிக்குதிரை மீனின் முட்டையை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவரையே சர்வதேச மாநாட்டுக்குச் செயலராக்கிப் பாருங்கள்; மறுவாரமே பந்தல்காரரோடு அவர் போடும் சண்டை மூன்றாம் மாடிவரை கேட்கும்.

வெளிநாட்டு விருந்தாளிக்கு மாநாட்டு வீசா வேண்டுமென்றால் வெளியுறவு அமைச்சகம் தலையசைக்க வேண்டும், சில சமயம் உள்துறையும் தலையசைக்க வேண்டும். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று போய்ப் பார்த்துச் சொல்லவென்றே செயலருக்கு டெல்லியில் ஒரு மைத்துனர் வாய்த்திருப்பார்.

வீசாவைக்கூட வாங்கிவிடலாம். நிகழ்ச்சி நிரல்தான் ஆளைத் தின்னும். முதல் நாள் காலை ஈக்காரர்களுக்கே வேண்டும். பழ ஈயின் உடம்பைக் கருவிலேயே பகுதி பகுதியாகப் பிரிக்கும் மரபணுக்களைக் கண்டு 1995-இல் நோபல் வாங்கிய வம்சமாயிற்றே! புழுக்காரர்கள் விடுவார்களா? “எங்கள் புழுவுக்கு உடற்செல் மொத்தம் 959. ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறோம். 2002 நோபல் யாருக்கு?” என்பார்கள். தவளைக்காரர்கள் 2012-ஐ எடுத்து வீசுவார்கள். மீன்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நோபல் இல்லை. ஆனாலும், ஈயை வைத்து வாங்கிய நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையார் பிற்பாடு தங்கள் கட்சிக்கு வந்துவிட்டதை நினைவூட்டத் தவறமாட்டார்கள். செடிக்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பாவம், எதிர்த்துப் பேசத் தெரியாதவர்கள்.

கோழிக்கரு அமர்வு நடக்கும் நாளாகப் பார்த்துச் சமையல்காரர் முட்டைக் குழம்பு வைப்பார். வரிசையில் நிற்கும் நிபுணர் ஒருவர், இது கருவுற்ற முட்டையா என்று கரண்டியும் கையுமாகக் கேட்பார். சமையல்காரர் செயலரைப் பார்ப்பார். செயலர் விட்டத்தைப் பார்ப்பார்.

இத்தனைக்கும் அவர் பாடம் நடத்துவதே, எந்தக் குழுவும் கூடாமல் ஓர் உயிர் எப்படி ஒழுங்காக உருவாகிறது என்பதைப் பற்றித்தான். ஒற்றைச் செல்லாக இருந்த மீன்முட்டை 24 மணி நேரத்தில் தலை, கண், வால் எல்லாம் வைத்து, இதயத்தையும் துடிக்க விட்டுவிடும். பிரதிநிதிகளுக்குத் தரும் பை சணலா துணியா என்பதை அவருடைய குழு நான்காம் முறையாக அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கும்.

மூன்று நாளும் ஓர் உரையைக்கூட அவர் முழுசாகக் கேட்டிருக்கமாட்டார். யாரோ ஒருவரின் மடிக்கணினி புரொஜெக்டரோடு பேச மறுக்கும். விமான நிலையத்துக்குப் போன கார் வேறு யாரையோ ஏற்றி வரும். நிறைவு விழாவன்றுதான் மாநாட்டு மலரைப் புரட்ட நேரம் கிடைக்கும். அகர வரிசையில் எல்லார் ஆய்வுச் சுருக்கமும் இருக்கும், அவருடையதைத் தவிர.

“நீங்க அனுப்பவே இல்லையே சார். கடைசித் தேதியை மூணு தடவை நீட்டிச்சோமே...” என்பான் ஆராய்ச்சி மாணவன்.

“நாலாவது தடவை நீட்டினா குடியா முழுகிப் போயிடும்?” என்பார்.