எங்களுக்கு மட்டும் அஞ்சலட்டை

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்தவன், ஆறு பேர் படுக்கும் அறையில் போனைத் தடவுகிறான். மூலத்துக்கு டாக்டர். கடன் ஆப். வேறு கம்பெனியில் வேலை. தொழிற்சங்கம். ஒவ்வொரு தளத்தின் பெயரையும் எண் முகவரியாக மாற்றித் தரும்படி அவன் போன் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. அநேகமாக அது நெட் கொடுக்கும் கம்பெனியின் சர்வர். 1983இல் இந்த ஏற்பாடு பிறந்தபோது கேள்வி அஞ்சலட்டையில்தான் போனது. பல இடங்களில் இன்றும் அதே அஞ்சலட்டை. வழியில் இருப்பவன் படிக்கலாம். பதிலைத் திருத்தியும் அனுப்பலாம்.

கேள்வியை வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்பும் முறை 2016இலேயே வந்துவிட்டது. அதற்கென்று 853ஆம் எண் போர்ட். 2018இல் ஆண்ட்ராய்டு 9இலும் ஏறியது. செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும். சர்வருக்குக் குறியாக்கம் தெரிந்தால் அதைப் பயன்படுத்தும். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் அஞ்சலட்டைக்கே திரும்பிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. நம்மூர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்த மென்பொருள்.

சர்வரின் பெயரை நீங்களே அடித்து வைத்தால்தான் போன் முரண்டு பிடிக்கும். குறியாக்கம் இல்லையா, இணைப்பும் இல்லை. சர்வர் குறியாக்கம் செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அவ்வளவுதான். உங்கள் கம்பெனி சர்வரின் பெயரைக் கஸ்டமர் கேரிடம் கேட்டுப் பாருங்களேன். "மோடத்தை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. இணைய நிறுவனங்களுக்கான உரிமத்தில் குறியாக்கச் சாவியின் நீளத்துக்கு அரசு நெடுங்காலம் எழுதி வைத்திருந்த வரம்பு 40 பிட். அதைவிட வலுவான குறியாக்கம் வேண்டுமா? அனுமதி வாங்கு. சாவியை இரண்டாகப் பிரித்து எங்களிடம் ஒப்படை. இதே நாட்டின் ரிசர்வ் வங்கி 2001இல் வங்கிகளுக்குச் சொன்னது, குறைந்தது 128 பிட். பணத்துக்கு 128. மனுஷனுக்கு 40.

2015 செப்டம்பரில் ஒன்றிய அரசின் வரைவுக் கொள்கை ஒன்று வந்தது. குறியாக்கம் செய்து அனுப்பிய செய்தியின் மூலத்தைக் குடிமக்கள் 90 நாள் பத்திரப்படுத்தி, கேட்டால் காட்ட வேண்டுமாம். நாடே சிரித்தது. 22ஆம் தேதி வாபஸ்.

அதே ஆண்டு, டிசம்பர் 1. சென்னை வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றுக் கரையில் பல வீடுகளுக்குத் தகவல் கொண்டுவந்தது யார்? தண்ணீர்தான். கொள்கை ஒன்றியம், ஏரி மாநிலம் என்று யாரும் விளக்க வர வேண்டாம். மூழ்கியவனுக்கு எல்லாம் சர்க்கார்தான். நாங்கள் எந்த டாக்டரைத் தேடுகிறோம் என்பது திறந்து கிடக்கலாம். எங்கள் தலையில் எவ்வளவு தண்ணீர் விடுவார்கள் என்பது மட்டும் ராஜ ரகசியம்.

மாதாமாதம் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியைப் பைசா பிசகாமல் அச்சடிக்கிறார்கள். அதன் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது: 'எங்கள் டிஎன்எஸ் குறியாக்கம் செய்யும்' அல்லது 'செய்யாது'. அச்சடிக்கச் சொல்லித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுங்கள். அஞ்சலட்டையே போதும்.