சிவப்பைக் கண்டால் நிற்காதீர்!

கே: சாலையில் சிவப்பைக் கண்டால் நிற்கிறோம். கடலில் சிவப்பு மிதவையைக் கண்டால்? (ஈசூன் வாசகர்)

நின்றால் பின்னால் வருபவர் திட்டுவார். சிங்கப்பூரில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு உங்கள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். நடுவில் இருப்பதுதான் வழி. வெளியே போகும்போது பக்கம் அப்படியே மாறும். எதிர்வெயிலில் எல்லா மிதவையும் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால் வடிவத்திலும் வேறுபாடு வைத்திருக்கிறார்கள்: சிவப்பின் உச்சியில் உருளை, பச்சையின் உச்சியில் கூம்பு.

கே: இது தீவாயிற்றே, சுற்றிலும் கடல்! எது 'உள்ளே', எது 'வெளியே'? (செங்காங் வாசகி)

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இருபுறமும் திறந்த நீரிணையில் 'உள்ளே வரும்' திசை எது என்பதை அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். கடல் வரைபடத்தில் அதற்கென ஓர் அம்புக்குறி இருக்கும். படகு ஏறுமுன் அதைத் தேடிப் பாருங்கள். திசை தெரியாதவருக்குச் சிவப்பும் பச்சையும் வெறும் அலங்காரம்.

கே: மணிலாவில் படகோட்டிய என் மைத்துனர், "சிவப்பு வலப்பக்கம்தான்" என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி? (பொங்கோல் வாசகர்)

இருவரும். 1970களில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. 1980இல் தோக்கியோ மாநாட்டில் ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டார்கள், நிறத்தைத் தவிர! அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பீன்ஸ் ஆகியவற்றில் சிவப்பு வலம். நமக்கும் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிவப்பு இடம். மைத்துனருக்கு மரியாதை கொடுங்கள், சுக்கானைக் கொடுக்காதீர்கள்.

கே: கறுப்பும் மஞ்சளுமாக நிற்கும் மிதவைகள் எதற்கு? (பிடோக் வாசகர்)

பாறை, திட்டு போன்ற ஆபத்துக்கு எந்தத் திசையில் நல்ல தண்ணீர் என்று காட்ட. வடக்கு மிதவை என்றால் அதற்கு வடக்கே போங்கள். உச்சியில் உள்ள இரண்டு கூம்புகளைப் பாருங்கள். இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு; கீழ்நோக்கினால் தெற்கு; அடியோடு அடி சேர்ந்தால் கிழக்கு; முனையோடு முனை சேர்ந்து உடுக்கை போல இருந்தால் மேற்கு. கூம்பின் முனை காட்டும் இடத்தில் கறுப்பு இருக்கும் என்பது கூடுதல் சலுகை.

கே: இரவில் கூம்பு எங்கே தெரியப் போகிறது? (அதே வாசகர், விடாக்கண்டர்)

கடிகாரத்தை நினையுங்கள். வெள்ளை விளக்கு கிழக்கில் 3 முறை மின்னும், தெற்கில் 6 முறை மின்னி ஒரு நீண்ட ஒளி விடும், மேற்கில் 9 முறை மின்னும். வடக்கு மட்டும் ஓயாமல் மின்னிக்கொண்டே இருக்கும். எண்ணத் தெரிந்தால் போதும். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள், கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைப்பார்கள்.

கே: பஃப்ளோ சாலையில் காய்கறி வாங்குவதோடு சரி. எனக்கெதற்குக் கடல் சங்கதி? (தேக்கா வாசகி)

கடலிலும் ஒரு 'பஃப்ளோ' உண்டு அம்மா! 1975 ஜனவரி 6 அன்று ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல், இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கக்கூடியது, சிங்கப்பூர் நீரிணையில் பஃப்ளோ பாறை அருகே தரைதட்டி எண்ணெயைக் கொட்டியது. கிழக்கே போகும் கப்பலுக்கும் மேற்கே போகும் கப்பலுக்கும் தனித்தனித் தடம் பிரித்த முறை அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1981இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடலோடு நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. புலாவ் சாதுமுவில் 1855இல் ஏற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்குப் புலாவ் ஊபினில் கல் உடைத்தவர்களில் இந்தியக் கைதிகளும் இருந்தார்கள். தண்டனை அவர்களுக்கு, வெளிச்சம் ஊருக்கு.

கே: அடுக்குமாடி வீட்டின் மேல் கலங்கரை விளக்கம் இருக்கிறதாமே, கதையா? (கேலாங் வாசகர்)

நிஜம். மரின் பரேட் அடுக்குமாடி புளோக் ஒன்றின் உச்சியில் 1978 முதல் பிடோக் விளக்கு எரிகிறது. அதற்குமுன் அந்த வேலையை 1958 முதல் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் உச்சியிலிருந்த விளக்கு பார்த்தது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து அதை மறைத்துவிட்டன.

கே: மிதவை நிழலில் மீன் கூடும். படகை அதில் கட்டித் தூண்டில் போடலாமா? (சாங்கி வாசகர்)

கூடாது, அபராதத்துக்கு நீங்களே தூண்டில் போடுவதாகும். மிதவை சங்கிலியில் ஆடிக்கொண்டே இருப்பது. சில சமயம் இடமும் நழுவும். அதனால் மிதவையை மட்டும் நம்பாமல் வரைபடம், ஆழமானி, கண் மூன்றையும் வைத்துச் சரிபாருங்கள்.

கே: படகு வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். அடுத்து? (ஜூரோங் வாசகர்)

படிப்பு. 16 வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதி, ஓட்டிக் காட்டி, உல்லாச விசைப்படகு உரிமம் பெறலாம். அது இல்லாமல் இங்கே சுக்கானைத் தொட முடியாது. இன்னொன்று: 20 மீட்டருக்குக் குறைந்த படகு, குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு இடையூறு செய்யக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்தக் கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. உங்களால் முடியும். ஆகவே முதலில் உரிமம், அப்புறம் வரைபடம், கடைசியில் படகு. வரிசையை மாற்றாதீர்கள்.