சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்: அன்றும் இன்றும்

நான் பத்தாம் வகுப்பு படித்த அரசுப் பள்ளியில், ஆங்கில வாக்கியம் என்ன வகை என்று கண்டுபிடிக்க ஒரு பட்டியல் இருந்தது. 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பீயிங்', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' வந்தால் சிம்பிள். 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' வந்தால் காம்பவுண்ட். 'தோ', 'பிகாஸ்', 'இஃப்', 'வென்', 'ஆஃப்டர்', 'தட்' வந்தால் காம்ப்ளெக்ஸ். டீச்சர் கரும்பலகையில் கோடு கிழித்து மூன்று பத்தியாக எழுதிப்போடுவார்; நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வோம்.

தமிழ்வழியில் படித்த எங்களுக்கு அந்தப் பட்டியல் பெரிய துணை. வாக்கியம் பாதிதான் புரிந்தது என்றாலும், தெரிந்த சொல் ஒன்று கண்ணில் பட்டால் மார்க் உறுதி. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகள் பலர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பொதுத்தேர்வைத் தாண்டினார்கள். அந்த டீச்சரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வாக்கியத்தை வகை மாற்றி எழுதும் கேள்வியும் அப்படித்தான். 'ஹி இஸ் டூ வீக் டு வாக்' சிம்பிள். 'ஹி இஸ் வெரி வீக் அண்ட் ஸோ ஹி கேனாட் வாக்' காம்பவுண்ட். 'ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்' காம்ப்ளெக்ஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றையும் ஒப்பிப்போம். நடக்க முடியாத அந்த மனிதரைப் பற்றி எதற்காக மூன்று விதமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2019-20 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலம் இரண்டு தாளிலிருந்து ஒரே தாளாகிவிட்டது. கரும்பலகையில் இருந்த பட்டியல் யூடியூபில் 'ஷார்ட்கட்' என்ற பெயரில் வண்ண எழுத்தில் ஓடுகிறது. சொற்கள் அதேதான். அவள் நோட்டில் 'ராமு அண்ட் சோமு வென்ட் டு தி மார்க்கெட்' என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் காம்பவுண்ட் என்று எழுதியிருந்தாள்.

"சித்தி, 'அண்ட்' இருக்கே, காம்பவுண்ட்தானே?"

"வினைமுற்று எத்தனை இருக்குன்னு எண்ணு."

"வென்ட் ஒண்ணுதான்."

"அப்போ?"

"சிம்பிளா!"

அங்கே 'அண்ட்' இரண்டு பெயர்களைத்தான் சேர்க்கிறது, இரண்டு வாக்கியங்களை அல்ல. அடுத்து இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டினேன். 'ஆஃப்டர் தி ரெயின், தி பாய்ஸ் பிளேட்.' 'ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட், தி பாய்ஸ் பிளேட்.' இரண்டிலும் 'ஆஃப்டர்' இருக்கிறது. முதலாவதில் 'பிளேட்' மட்டுமே வினைமுற்று, அது சிம்பிள். இரண்டாவதில் 'ஸ்டாப்ட்' என்று இன்னொரு வினைமுற்று, தனக்கென ஒரு எழுவாயோடு நிற்கிறது. ஆனால் 'ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட்' என்ற பகுதி தனியே நிற்காது. மற்றதன் மேல் சாய்ந்துதான் நிற்கும். அதனால் அது காம்ப்ளெக்ஸ். இரண்டு பகுதிகளும் தனித்தனியே நிற்கக்கூடியவையாக இருந்து, 'அண்ட்', 'பட்' போன்ற சொல்லால் சேர்ந்தால் காம்பவுண்ட். முதலில் வினைமுற்றை எண்ண வேண்டும், பிறகு எது தனியே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டியல் வழுக்கும் இடத்திலும் இந்த வழி வழுக்காது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 'மழை நின்றதும் பிள்ளைகள் விளையாடினார்கள்' என்று நாம் சொல்லும்போது வினைமுற்று ஒன்றுதான். 'நின்றதும்' எச்சமாக அடங்கிவிடுகிறது. எச்சத்தை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்றில் முடிப்பது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலம் அதே இடத்தில் முழு வினைமுற்றை வைக்கிறது. தமிழ் வகுப்பில் படித்த முற்றையும் எச்சத்தையும் ஆங்கில வகுப்புக்கும் எடுத்துவந்தால் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இரண்டு இலக்கணத்தையும் இரண்டு பீரியடாகப் பிரித்துவைத்துவிட்டோம்.

வினைமுற்றை எண்ணும் இந்த அளவுகோல் ஒன்றும் புதிதல்ல. வசதியுள்ள பிள்ளைகளின் பையில் இருந்த 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கண நூல் 1930-களில் வெளிவந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென், இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றியவர். 1924-இல் வெளியான 'போ ஜெஸ்ட்' நாவலின் ஆசிரியரும் அவர்தான். சிம்பிள் வாக்கியத்தில் ஒரே ஒரு வினைமுற்றுதான் இருக்கும் என்ற விளக்கம் அந்த நூலிலேயே இருக்கிறது. தேர்வுக்கு ஓடிய ஓட்டத்தில் விளக்கம் பின்தங்கிவிட்டது, பட்டியல் மட்டும் முந்திக்கொண்டது.

வகைகளின் உண்மையான பயனை எனக்குக் காட்டியது அலுவலக வேலைதான். விண்ணப்பங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது என் பொறுப்பு. தாமதமாக வந்த விண்ணப்பம் ஒன்றை ஏற்றுக்கொண்டோம் என்று தெரிவிக்க வேண்டும். 'வி ஹேவ் அக்செப்டட் யுவர் அப்ளிகேஷன், பட் இட் வாஸ் லேட்' என்று எழுதினால், படிப்பவர் மனதில் தங்குவது தாமதம். கண்டிப்பது போல இருக்கும். 'ஆல்தோ யுவர் அப்ளிகேஷன் வாஸ் லேட், வி ஹேவ் அக்செப்டட் இட்' என்றால் தாமதம் சார்ந்து நின்று, ஏற்றுக்கொண்ட செய்தி முன்னுக்கு வருகிறது. 'வி ஹேவ் அக்செப்டட் யுவர் லேட் அப்ளிகேஷன்' என்றால் தாமதம் ஒரே அடைமொழியாகச் சுருங்கிவிடுகிறது. காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், சிம்பிள். செய்தி ஒன்றுதான், கடிதம் வாங்குகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல.

பட்டியலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. முதல் வாரத்துக்கு அது வேண்டும். அடுத்த வாரம் வினைமுற்றை எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கடுத்து, வகையைக் கண்டுபிடித்த பிள்ளையிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இதை எழுதியவர் ஏன் இந்த வகையைத் தேர்ந்தெடுத்தார்? அந்தக் கேள்வி வினாத்தாளில் இடம்பெறட்டும், அதற்கு இரண்டு மார்க்காவது கொடுக்கட்டும். நாளைக்கு வேலைக்கு மனு எழுதும்போதும், தன் பக்கத்து நியாயத்தை ஆங்கிலத்தில் எடுத்துச்சொல்லும்போதும் அந்தப் பிள்ளைக்கு உதவப்போவது அந்தப் பதில்தான்.