கைவிரிக்கவும் தெரிய வேண்டும்

கேள்வி: ஒரே இன்டரப்ட் லைனைப் பல சாதனங்கள் பகிரும்போது, ஒரு டிரைவர் ‘எல்லாம் நானே கவனித்தேன்’ என்று சொன்னால் என்ன நஷ்டம்?

பதில்: நஷ்டம் பக்கத்து வீட்டுக்காரருக்கு! லினக்ஸ் கெர்னல் அந்த லைனில் பதிவான ஹேண்ட்லர்களை வரிசையாக அழைக்கும். ஒவ்வொன்றும் தன் சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து, தனக்கில்லை என்றால் கைவிரிக்க வேண்டும். 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் அத்தனை பேரும் கைவிரித்தால், ‘நோபடி கேர்ட்’ என்று புலம்பிவிட்டுக் கெர்னல் லைனையே மூடிவிடும். பொய் சொல்லும் டிரைவர் இந்தக் காவலின் கண்ணைக் கட்டிவிடுகிறது. பழைய பி.சி.ஐ. லைன் லெவல் டிரிகர் வகை. மணியடித்த சாதனத்தை அமைதிப்படுத்தும்வரை சிக்னல் இறங்காது, சி.பி.யு. அதிலேயே சுழலும். ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்டரைப் படிப்பது நேர விரயம் என்பீர்கள். உண்மைதான், லைனைப் பகிராமலே தப்பிக்க எம்.எஸ்.ஐ. (மெசேஜ் சிக்னல்டு இன்டரப்ட்) இருக்கிறது. அது இல்லாத கார்டில் மைக்ரோ செகண்டை மிச்சம்பிடித்து மெஷினையே உறையவைப்பது என்ன சிக்கனமோ!