சொட்டு மருந்து அண்ணாச்சி

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு அண்ணாச்சி அகப்படுவார். நிளா, பம்பா, பெரியார், பவானி, தேஜஸ்வினி என்று அங்கே கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடுவதென்னவோ அண்ணாச்சியின் கண்ணில்தான்.

சொந்த ஊர் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் எங்கோ. திங்கள் காலை ரயிலில் வந்து இறங்கி, வெள்ளி மாலை ரயிலைப் பிடிக்கிற கூட்டத்தில் ஒருவர். வயதைக் கேட்டால் ‘இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்’ என்பார். மீதியை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். 1990-இல் தொடங்கிய இந்த இடம்தான் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று, புதிதாகச் சேருகிற பையன்களுக்குப் பெருமையோடு சொல்லித் தருவார். அடுத்த வாக்கியத்தில் கண் எரிச்சலுக்கு வந்துவிடுவார்.

அவருடைய மேசை இழுப்பறையைப் பார்க்க வேண்டும். பன்னீர் பாட்டில், குளிரூட்டிய ஜெல் பட்டை, நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி விற்ற கண்ணாடி, போன ஓணத்துக்குத் திறந்த சொட்டு மருந்து ஒன்று, அதற்கும் முந்தைய ஓணத்தைச் சேர்ந்தது இன்னொன்று. (திறந்த சொட்டு மருந்தை ஒரு மாதத்தில் தூக்கிப் போடச் சொல்லிப் பெரும்பாலான அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருக்கும். அட்டைப்பெட்டியை அண்ணாச்சி கடையிலேயே போட்டுவிட்டு வருவார்.) இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக வீற்றிருப்பது இளநீர்க் குழம்பு. இளநீரும் திரிபலையும் மரமஞ்சளும் தேனும் கர்ப்பூரமும் சேர்த்துக் கேரள வைத்தியசாலைகளில் விற்கிற கண் மருந்து. ஒரு துளி விட்டால் போதும், தலையில் தீப்பிடித்தது போல ஆள் எழுந்து நிற்பார். கண்ணீர் தாரையாய்க் கொட்டும். ஐந்து நிமிடம் கழித்து, “இப்போ குளுகுளுன்னு இருக்கு, பாத்துக்க” என்பார். அடிக்கிறவன் அடியை நிறுத்தியதும் கிடைக்கிற சுகம் அது என்பது என் சொந்தக் கருத்து.

யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்து சேர்வார்.

“என்ன மக்கா, கண்ணு செவந்து கெடக்கு?”

“தூங்கல அண்ணாச்சி.”

“தூக்கமா காரணம்? ஸ்கிரீன்ல வாற நீல வெளிச்சம்லா காரணம்!”

நீல வெளிச்சம் அவருடைய முதல் எதிரி. 2023-இல் காக்ரேன் அமைப்பு பதினேழு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடியால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. ஒரு பையன் அதை அவருக்குப் படித்துக் காட்டினான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் வெள்ளைக்காரன் கண்ணு மக்கா, நம்ம கண்ணு வேற” என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த எதிரி கூரையில் இருக்கும் எல்.இ.டி. விளக்கு. அதற்கடுத்து, ஐஸில் கிடந்து சத்துப்போன மீன். கடைசியாக மேனேஜர்.

சந்தேகப் பட்டியலில் இல்லாத ஒரே ஆள் அண்ணாச்சிதான். புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்துவிட்டால் அவர் திரையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கொக்கு தோற்றுவிடும். சாதாரணமாக மனிதன் நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது கண் சிமிட்டுவான். திரைக்கு முன்னால் அது பாதியாகும், அதற்கும் கீழே போகும். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணின் மேல் புதிதாக ஒரு கண்ணீர்ப் படலத்தைப் பூசிவிட்டுப் போகிறது. பூச்சு நின்றால் படலம் அங்கங்கே காய்ந்து விடும், கண் உறுத்தும். உறுத்தியதும் உள்ளேயிருந்து அவசரத் தண்ணீர் குபுகுபுவென்று வரும். ஆனால் அது கண்ணில் ஒட்டி நிற்காமல் கன்னத்துக்கு இறங்கிவிடும். ஒரு டாக்டர் இதைச் சொன்னபோது அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தாராம். “கண்ணு தண்ணியா ஊத்துகு. அதுக்குப் பேரு வறட்சியாம்லா!”

இதற்குத் தோதாக ஏ.சி. காற்று நேரே முகத்தில் இறங்குகிற இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இருக்கையைச் சும்மா கொடுக்கவில்லை, ஒரு வருடம் மனுப்போட்டு வாங்கினார். மானிட்டரையும் மூன்று அட்டைப்பெட்டி அடுக்கி உயரே வைத்திருக்கிறார், தெய்வத்தை அண்ணாந்து பார்ப்பது போல. திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை பாதி மூடியிருக்கும், காய்வதும் குறையும். அண்ணாந்து பார்த்தால் கண் முழுதாகத் திறந்து ஏ.சி.க்கு விருந்தாகும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியிருப்பதை, இருபது நொடி பார்க்க வேண்டும் என்ற விதியும் அவருக்குத் தெரியும், அலாரமே வைத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்குள் இருக்கிற சிறிய தசை ஒன்று இறுகி நிற்கிறது, தூரப் பார்த்தால் தளர்கிறது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அலாரம் அடித்ததும் அண்ணாச்சி கடமை தவறாமல் மானிட்டரிலிருந்து கண்ணை எடுப்பார். எடுத்து, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் செல்போனில் வைப்பார். இருபது நொடி என்பது இருபது நிமிடமாகவும் போவதுண்டு.

இதுவரைக்கும் சிரிக்கலாம். டெஸ்டிங் குழுவில் ஒரு பெண், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். ஒரு கண் மட்டும் ரத்தச் சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, பார்வையும் மங்கல். அண்ணாச்சி பாசத்தோடு இழுப்பறையைத் திறந்தார். “ஒண்ணும் இல்ல மக்ளே, ரெண்டு சொட்டு, செவப்பு பறந்திரும்.” அந்தப் பாட்டில் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு. சிவப்பு பறப்பது உண்மைதான். கருவிழியில் தொற்று இருந்தால், கண் வெளுத்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது கிருமி உள்ளே நிம்மதியாகத் தின்னும். தொற்றே இல்லாதவர் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தாலும் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். நல்லவேளை, மலையாளி டீம் லீடர் அம்மா பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றித் திருவனந்தபுரம் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கருவிழிப் புண்தான். அன்றே போனதால் பிழைத்தது.

மறுநாள் வெள்ளைப் பலகையில் டீம் லீடரின் அறிக்கை: ‘அண்ணாச்சியிடம் கொண்டு போகக் கூடாதவை.’ திடீரென்று பார்வை குறைதல். கண்ணுக்குள் மின்னல் வெட்டுதல், கரும்புள்ளிகள் கூட்டமாக வந்து மிதத்தல், ஓரத்தில் திரை இறங்குதல் (விழித்திரை கிழிந்திருக்கலாம்). விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு கடும் கண்வலி, வாந்தி (கண் அழுத்தம் எகிறியிருக்கலாம், அரை நாள் தள்ளினாலும் ஆபத்து). ஒன்று இரண்டாகத் தெரிதல். வலியோடு சிவப்பு. லென்ஸ் போடுகிறவருக்கு எந்தச் சிவப்பும். ரசாயனம் பட்டால் முதலில் கண்ணை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவு, பிறகு ஓடு.

அண்ணாச்சி அதைக் கவனமாகப் படித்தார். அடியில், ‘மற்றதுக்கு வரலாம்’ என்று எழுதிவிட்டு வந்தார்.

இத்தனை வைத்தியம் தெரிந்தவர் தன் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டதில்லை என்பதுதான் விசேஷம். கஸ்டமர் பக்கத்தில் ஒரு பட்டன் அரை சென்டிமீட்டர் விலகியிருந்தால் சிவியரிட்டி ஒன்று என்று ஊரைக் கூட்டுவார். தன் கண் சாயங்காலமானால் மங்குவதும், நெற்றி தினம் வலிப்பதும், எழுத்துருவை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியதும் அவர் கணக்கில் ‘லோ பிரையாரிட்டி’. ஓய்வெடுத்தால் போய்விடுகிற எரிச்சல் வெறும் அயர்ச்சி. ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் கண்ணாடிப் பவரில் கோளாறோ, இரு கண்களும் ஒன்றாகக் குவிவதில் கோளாறோ இருக்கலாம். இழுப்பறையில் அதற்கு மருந்து கிடையாது.

கடைசியில் கேன்டீன் பில்லைக் கையை முழுதாக நீட்டிப் படித்ததைப் பார்த்துவிட்டுப் பையன்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பரிசோதனை அறையில் சின்னப் பெண் ஒருத்தி சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “சேட்டனு எத்ர வயஸாயி?”

“இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்” என்றார் அண்ணாச்சி, பழக்க தோஷத்தில்.

“வெள்ளெழுத்தாணு” என்றாள் அவள். எழுத்துருவைத் தவிர யாரிடமும் காட்டாமல் ஐந்து வருடம் காத்த ரகசியம். நாற்பதைத் தாண்டினால் கண் வில்லை இறுகிக் கிட்டப் பார்வை தளர்வது எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று அவள் ஆறுதல் சொன்னாள். எல்லாருக்கும் நடப்பது தனக்கும் நடக்கலாமா என்பதுதான் அண்ணாச்சியின் வருத்தம். நீல ஒளி என்றிருந்தால் எவ்வளவு கௌரவம்!

புரோகிரஸிவ் கண்ணாடி வந்தது. “ரெண்டு மானிட்டர் பாக்கவனுக்குன்னே டாக்டர் ஸ்பெஷலா எழுதினது” என்று மாடி முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. கண் எரிச்சல் பாதி குறைந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியில் கிட்டப் பார்வைக்கான பவர் அடிப்பாகத்தில் இருக்கும். மானிட்டரோ மூன்று பெட்டி உயரத்தில். தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து இரண்டே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. பெட்டிகளை எடுத்துவிடலாமே என்று ஒரு பையன் சொல்லிப் பார்த்தான். அண்ணாச்சி காதிலேயே வாங்கவில்லை. இழுப்பறையில் இளநீர்க் குழம்பு பின்வரிசைக்குப் போய், கொட்டஞ்சுக்காதி தைலம் முன்னுக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஏ.சி. காற்று அதைத் தாங்கிக்கொண்டு மாடி முழுவதும் சுற்றி வருகிறது. நாற்காலிச் சக்கரம் என் பக்கம் உருண்டு வருகிற சத்தம் கேட்கிறது.

“மக்கா, நீ கழுத்தத் திருப்பும்போ ‘டக்’குன்னு ஒரு சத்தம் வருகா?”