நாயும் நைவேத்தியமும்

கேள்வி: பூஜைக்கு வைத்திருந்த பாயசத்தை, நைவேத்தியம் ஆகுமுன்பே எங்கள் நாய் ருசி பார்த்துவிட்டது. அதில் உலர்ந்த திராட்சை நிறைய. உப்பும் புளியும் கரைத்துப் புகட்டினால் வாந்தியாகிவிடும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: தம்மை முந்திக்கொண்ட குற்றத்தைப் பகவான் மன்னித்துவிடுவார், திராட்சைதான் மன்னிக்காது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் வாலாட்டிக்கொண்டிருக்க, மற்றொன்று நாலைந்து பழங்களிலேயே சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிடுவதுண்டு என்பதால், இவ்வளவு வரை பாதகமில்லை என்று எந்த வைத்தியரும் வரம்பு கட்டிச் சொல்வதில்லை. தங்கள் மாமியாரின் பிரயோகத்தில் உப்பு, ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பையே உண்டாக்க வல்லது. புளியின் கதை இன்னும் விசித்திரமானது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே நாய்க்கு விஷமாகிறது என்று 2021 முதல் கால்நடை வைத்தியர்கள் பலமாகச் சந்தேகித்து வருகிறார்கள். அதே அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது. ஆகவே, விஷத்துக்கு முறிவாக அந்த விஷத்தையே கரைத்துப் புகட்டத் துணிந்த கீர்த்தி தங்கள் கிருகத்தைச் சேரும். வாந்தியெடுக்கச் செய்வது டாக்டரின் ஊசி செய்யவேண்டிய காரியம். அதற்கும் பெரும்பாலும் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். நாயின் எடை, தின்ற அளவு, தின்ற நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எனக்குக் கடிதம் எழுதத் தபாலாபீசுக்கு நடந்த நேரத்தில் அவரிடம் ஓடியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் பையனும் நாயும் ஒரே சாக்லேட்டைப் பங்கிட்டுத் தின்றார்கள். பையன் விளையாடப் போய்விட்டான். நாய்க்கு மட்டும் ஏன் படபடப்பு?

பதில்: கொக்கோவிலுள்ள தியோப்ரோமின் என்னும் வஸ்துவை மனித சரீரம் சீக்கிரமே கழித்துவிடுகிறது, நாயின் சரீரத்திலோ அதில் பாதி கழியவே ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கிறது. எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தியும் நிலைகொள்ளாமையும் தொடங்கும். 60-ஐ எட்டினால் வலிப்பு. வெள்ளைச் சாக்லேட்டில் அநேகமாக ஒன்றுமில்லை. கசப்பு ஏற ஏற ஆபத்தும் ஏறிக் கொக்கோப் பொடியில் உச்சத்தை அடைகிறது. படபடப்பு வந்துவிட்டதால் உடனே புறப்படுங்கள். சாக்லேட் சுற்றிய காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள், டாக்டருக்கு அதுவே ஜாதகம்.

கேள்வி: நேற்று ஒரு சட்டி வெங்காயச் சாம்பாரைக் காலி செய்த நாய், இன்று துள்ளிக் குதிக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். வெந்தாலும் குணம் மாறாத வெங்காயம், ரத்தத்தின் சிவப்பணுக்களை நிதானமாக உடைத்துக்கொண்டே போகும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் செம்பழுப்பாவதும் சில நாள் கழித்தே தெரியும். துள்ளலை நம்பாமல் இன்றே காட்டிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரையில்லாத சூயிங்கம் தின்றுவிட்டது. சர்க்கரைதான் இல்லையே?

பதில்: அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஸைலிட்டால் என்னும் இனிப்பு இருந்தால், முதலில் வண்டியில் ஏறுங்கள், சென்னைவாசியானால் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு. மீதியை வழியில் படிக்கலாம்: அது நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கெடுக்கச் செய்வதால், அரை மணிக்குள்ளேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையும் இல்லாமற்போகக்கூடும்.