மேல்தட்டு மறுகுடியமர்வுத் திட்டம்: வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், காமராசர் சாலை, சென்னை.

பொருள்: பல வருமானப் பிரிவினரும் கலந்து வாழும் குடியிருப்புகள் – அரசுக்கு அதிகச் செலவு வைக்காத வழியொன்றைப் பரிந்துரைத்தல் தொடர்பாக.

மதிப்புக்குரிய வாரியத்தாருக்கு,

ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்து வைக்கக் கூடாது, பல வருமானக்காரர்களும் அக்கம்பக்கமாக வாழவேண்டும் என்று உலகெங்கும் நகரத் திட்ட வல்லுநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நீங்கள் இதை மறுத்ததாகத் தெரியவில்லை. நடைமுறைப்படுத்தும்போது மட்டும் உள்ளூர் நிலைமைக்கேற்பச் சின்னத் திருத்தம் செய்துகொண்டீர்கள். கூவம் கரைக்காரரையும் அடையாற்றங்கரைக்காரரையும் ஒரே மாடிப்படியில் சேர்த்து வைத்தீர்கள். தினக்கூலி வாங்குபவர், வாரக்கூலி வாங்குபவர், கூலியே கிடைக்காதவர் என மூன்று வருமானப் பிரிவினரும் அங்கே எந்தப் பாகுபாடும் இல்லாமல் கலந்து வாழ்கிறார்கள். 2000இல் கண்ணகி நகரில் தொடங்கி, பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு எட்டடுக்குப் பெரும்பாக்கம் என்று இந்தக் கலப்பு வளர்ந்தது. இவற்றுள் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் தனித்தனியே 20 ஆயிரம் வீடுகளைத் தாண்டியவை. நகரின் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய ஊரையே எழுப்பி, அதில் வசதியானவர் ஒருவர்கூடத் தவறி நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது எளிய காரியமல்ல. அந்த நிர்வாகத் திறனை மதித்துத்தான் இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன்.

உங்கள் பழைய கோப்புகளைப் புரட்டினால் இதற்கு நேர்மாறான பழக்கமும் உங்களுக்கு இருந்தது தெரியவரும். 1970இல் வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். மெரினாவை ஒட்டியும் மந்தைவெளியிலும் வியாசர்பாடியிலும் எழுந்த அந்த மாடிகளில் குடியேறியவர்கள் பழைய பஸ்ஸிலேயே ஏறி, பழைய வேலைக்கே போனார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தீர்கள். அறிவிக்கப்பட்ட பகுதியை நினைத்தபடி காலி செய்ய முடியாது, மேம்படுத்தும் கடமை வந்து சேரும். 1985இல் இன்னும் 17 பகுதிகளைச் சேர்த்தீர்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. நகரம் பெருத்துக்கொண்டே போன காலத்தில் குடிசைப் பகுதி மட்டும் ஒன்றுகூடப் பெருகவில்லை என்பது ஒரு சாதனைதான். பட்டியலில் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை, புல்டோசர் வருவதற்குத் தடையும் இல்லை.

உண்மையான கலப்பும் இந்த ஊருக்குப் புதியதல்ல. 1977இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரிலும், அடுத்த கட்டத்தில் முகப்பேரிலும் மனைகள் பிரித்து விற்கப்பட்டன. ஒரே லேஅவுட்டில் சுமார் 40 சதுர மீட்டர் சின்ன மனையும் இருந்தது, நடுத்தர மனையும் இருந்தது, காசுள்ளவர் வாங்கும் பெரிய மனையும் இருந்தது. பெரிய மனையைச் சந்தை விலைக்கு விற்று வந்த பணம் சின்ன மனையின் விலையைக் குறைத்தது. சின்ன மனைக்காரருக்குக் குடிநீர், கழிவுநீர் இணைப்போடு ஒரு கழிவறை கிடைத்தது. வீட்டைக் கையில் காசு சேரச் சேர அவரே கட்டிக்கொண்டார். இது தோற்றுப்போன முயற்சி என்று நினைத்து 1990களில் உலக வங்கியே இந்த முறையைக் கைகழுவியது. பல ஆண்டு கழித்து ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சென்னை, மும்பை லேஅவுட்டுகளைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். நல்ல தெருவும் நல்ல வீடுமாக, பல வருமானக்காரர்களும் வாழும் பகுதிகளாக அவை நிலைத்திருப்பதாக 2018இல் எழுதினார்கள். முதலில் வாங்கியவர்களில் பலர் விற்றுவிட்டுப் போயிருக்கலாமே என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். போயிருக்கலாம். விற்ற காசு அவர் பையில் விழுந்தது. சின்ன மனை அப்போதும் சின்ன மனையாகவே இருந்ததால் வாங்கியவரும் பெரும் பணக்காரராக இருக்கத் தேவையில்லை. மனையின் அளவிலேயே கலப்பைப் பதித்துவிட்டதால் கண்காணிக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. இதைச் செய்தது உங்களுக்கு அண்ணன் முறையான வீட்டுவசதி வாரியம் என்பதால் உங்களுக்குத் தகவல் வராமல் போயிருக்கலாம். காமராசர் சாலைக்கும் அந்த வாரியத்தின் அலுவலகத்துக்கும் நடுவே போக்குவரத்து நெரிசல் அதிகம்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது என்பதால் ஒன்று தருகிறேன். அமெரிக்காவின் சிகாகோவில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று 16 மாடிக் கட்டடங்கள் 28 இருந்தன. 1962இல் கட்டி முடித்தார்கள்; ஏழைக் கறுப்பினத்தவரை அங்கே அடுக்கி வைத்துவிட்டுப் பராமரிப்பை மறந்தார்கள். லிஃப்ட் நின்றது, வன்முறை வளர்ந்தது. பெரும்பாக்கத்தின் வரைபடம் அவசரத்தில் சிகாகோ அலுவலகத்தின் பழைய மேசையிலிருந்து எடுக்கப்பட்டதோ என்று சந்தேகிப்பவர்களை நான் கண்டிக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அந்த ஊர் வீட்டுவசதி ஆணையம் பெரும் மாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உயர்ந்த கட்டடங்களை இடிப்பது, 10 ஆண்டில் 25 ஆயிரம் வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அல்லது புதுப்பிப்பது, கலப்புக் குடியிருப்புகளில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு இடைநிலை வருமானக்காரர்களுக்கு, ஒரு பங்கு சந்தை விலைக்கு என்பது கணக்கு. இடிக்கும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. பெரும் பணக்காரப் பகுதிக்கு அருகில் இருந்த கேப்ரினி-கிரீன் என்ற குடியிருப்பின் கடைசி அடுக்குமாடி 2011இல் விழுந்தது. கட்டும் வேலைக்கு 10 ஆண்டு போதவில்லை. திரும்பிவர உரிமை பெற்ற ஏறத்தாழ 17 ஆயிரம் குடும்பங்களில் கலப்புக் குடியிருப்புக்குள் வந்து சேர்ந்தவர்கள் 10இல் ஒருவருக்கும் குறைவு. கேப்ரினி நிலத்தில் ஒரு டார்கெட் பேரங்காடி வந்தது. இன்னொரு பழைய குடியிருப்பின் நிலத்தை 2022இல் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் பயிற்சி மைதானத்துக்குக் குத்தகைக்கு விட நகர மன்றம் ஒப்புக்கொண்டது. உள்ளே இடம் கிடைத்தவர்களின் பாடும் சுகமில்லை. சில குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவருக்குப் போதைப்பொருள் சோதனை இருந்தது, சொந்தமாக வாங்கியவருக்கு இல்லை. ராபர்ட் சாஸ்கின், மார்க் ஜோசப் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே நடத்திய நீண்ட ஆய்வில் அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் பெரிதாகப் பழகவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டலாமா, வாசலில் கூட்டமாக நிற்கலாமா என்பதே பெரிய சச்சரவாகியிருந்தது.

அப்படியானால் கலப்பே வீண்தானே என்று உங்கள் தரப்பில் ஒருவர் ஆவலோடு எழுந்திருப்பார். கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். அதே அமெரிக்காவில் 1990களில் ஐந்து நகரங்களில் ஒரு சோதனை நடந்தது. பொதுக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வாடகைச் சீட்டு கொடுத்து, வறுமை 10 சதவீதத்துக்குக் குறைவான பகுதிக்குத்தான் குடிபோக வேண்டும் என்றார்கள். அப்படி 13 வயதுக்குள் இடம்பெயர்ந்த பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்தபோது, வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியும் அவரது குழுவினரும் கணக்கிட்டார்கள். இடம் மாற்றினால் ஏழைக்கு நன்மை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உங்கள் அடுத்த அறிக்கையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த 10 சதவீத நிபந்தனையைப் படிக்காதவரை. அவர்கள் ஏழையை ஏழைகள் குறைந்த இடத்துக்கு அனுப்பினார்கள், நீங்கள் ஏழைகள் மட்டுமே உள்ள இடத்துக்கு அனுப்புகிறீர்கள். பணக்காரர் பக்கத்து வீட்டில் இருந்தால் அவருடைய நற்பழக்கம் காற்றில் கலந்து ஏழைக்குத் தொற்றும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதிகாரத்தோடு பேசத் தெரிந்தவர் வாழும் தெருவில் குப்பை வண்டி வருகிறது, தெருவிளக்கு எரிகிறது, பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், குழாயில் தண்ணீர் வராத நாளில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குப் போன் செய்கிறார். கலப்பில் ஏழைக்குக் கிடைப்பது இந்தப் போன்தான். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆட்கள் முதலில் வந்தார்கள். பள்ளியும் மருத்துவமனையும் பின்னால் ஆற அமர வந்தன. 2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டுப் பத்திரிகைகளில் அழகாக வந்தன. சுவருக்கு வேலை கிடைத்தது. அந்த முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்படுகிற இளைஞர்களைப் பற்றிய செய்திகளும் கூடவே வந்தன.

ஏழைகளோடு வசதியானவர்கள் குடியிருக்க வருவார்களா என்பது அடுத்த ஆட்சேபம். சென்னையின் எந்தக் கேட்டட் கம்யூனிட்டியும் ஏழைகள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சமையலுக்கு ஒருவர், பாத்திரம் தேய்க்க ஒருவர், கார் துடைக்க ஒருவர், வாசலில் வாட்ச்மேன். ஏழைகளோடு ஒரே கட்டடத்தில் பகலெல்லாம் இருக்க யாருக்கும் ஆட்சேபமில்லை, இரவில் அவர்கள் அங்கே தூங்குவதில்தான் சிக்கல். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) 2008ஆம் ஆண்டு இரண்டாவது மாஸ்டர் பிளான் விதிகள் இதைக்கூடத் தீர்க்கப் பார்த்தன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பெரிய கட்டடம் எழுப்பும் பில்டர், 10 சதவீத இடத்தை ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளை அங்கேயோ 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ குறைந்த வருமானக்காரருக்குக் கட்டித்தர வேண்டும் என்றன. பின்னாளில் வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக ஷெல்டர் ஃபீ என்ற கட்டணத்தைக் கட்டினாலும் போதும் என்று ஆனது. விதி சி.எம்.டி.ஏ.வுடையது, வேதனை ஏழையுடையது, நிம்மதி பில்டருடையது. அப்படி வசூலான பணம் வீடாகும்போது அது 2 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. நகருக்குள் நிலத்தின் விலை கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கும் பதில் வில்லிவாக்கத்திலேயே இருக்கிறது. விலை உயர்ந்த நிலம்தான் பெரிய மனைக்காரரிடமிருந்து அதிகம் வாங்கி, சின்ன மனைக்காரருக்குக் கொடுக்க உதவியது. இப்போது நகருக்குள் இடித்துக் கட்டும் உங்கள் பழைய குடியிருப்புகள் அத்தகைய நிலத்தில்தான் நிற்கின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, இடித்துக் கட்டுவது வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதே ஆண்டு புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் புதுச் சுவரின் பூச்சு கைபட்டதும் உதிர்ந்ததைப் பார்த்தவர்கள், கட்டும்போது கொஞ்சம் சிமென்டும் சேர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அங்கே கூடுதல் மாடி எழுப்பி நடுத்தர வர்க்கத்துக்கு விற்பதை நான் எதிர்க்கவில்லை. முன்பு இருந்த குடும்பங்கள் அத்தனையும் முதலில் அதே நிலத்தில், கிரயப் பத்திரத்தோடு உள்ளே வரட்டும், கூடுதல் மாடி அதற்குப் பிறகு வரட்டும். சிகாகோ இந்த வரிசையைத்தான் மாற்றிப் போட்டது.

இனி என் திட்டத்துக்கு வருகிறேன். கலப்பு நல்லது, ஏழைகளை நகருக்குள் கலக்க முடியாது என்ற இரண்டையும் நீங்கள் ஒரே நேரத்தில் நம்புவதால், மிச்சமிருக்கும் வழி வசதியானவர்களை வெளியே அனுப்புவதுதான். முன்னோட்டமாக உங்கள் தலைமை அலுவலகத்தையும் உயர் அதிகாரிகளின் குடியிருப்புகளையும் பெரும்பாக்கத்துக்கு மாற்றலாம். காமராசர் சாலை நிலம் விலைமதிப்பற்றது, அதை அலுவலகமாக அடைத்து வைத்திருப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல. மேலும் கடல் பக்கம் என்பதால் பாதுகாப்புக் காரணமும் உண்டு. ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்களை அகற்றும்போது வெள்ள அபாயம் என்று நீங்கள் சொன்ன அதே காரணம்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தில் 2015இலும் 2023இலும் தண்ணீர் நின்றதே என்று ஊழியர்கள் தயங்கினால், அங்கே முன்பு அனுப்பப்பட்டவர்களுக்குச் சொன்ன பதிலையே இவர்களுக்கும் சொல்லலாம். அறிவிப்பை வழக்கம்போல் கல்வியாண்டின் நடுவில் கொடுக்கலாம். பயோமெட்ரிக் கணக்கெடுப்பு அன்று ஊரில் இல்லாதவர்களுக்கு அறை கிடையாது. மறுகட்டுமானத்தின்போது குடும்பத்துக்கு நீங்கள் தரும் கருணைத் தொகை 24,000 ரூபாயை ஒவ்வொரு அதிகாரிக்கும் தரலாம்; கட்டி முடிய ஒன்றரை ஆண்டு என்று வைத்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் ஆகிறது, அதில் சென்னையில் எந்த வீடு வாடகைக்குக் கிடைக்கும் என்பதை அவர்களே தேடிக் கண்டுபிடித்துக் கோப்பில் குறித்து வைத்தால் பிற்காலத்துக்கு உதவும். எட்டாவது அடுக்கை நிர்வாக இயக்குநருக்கு ஒதுக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன், லிஃப்டின் நலன் கருதி. பஸ் எண்ணிக்கை, பள்ளியில் காலியிடம், குடிநீர் லாரி வரும் நேரம், இரவில் ரோந்து என்று எதைப் பற்றியும் தனியே மனு கொடுக்கப்போவதில்லை. அதிகாரிகள் குடியேறிய முதல் மழைக்காலத்துக்குள் அவை தாமாகவே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று நீங்கள் கருதினால், அந்தக் காரணங்களை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். வேலை தூரமாகிவிடும், பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபடும், மருத்துவமனை பக்கத்தில் இல்லை, விருப்பம் கேட்காமல் மாற்றுவது முறையல்ல என்று ஒவ்வொன்றாக, அதிகாரிகளின் கையொப்பத்தோடு. உங்கள் அடுத்த வெளியேற்ற அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் குடும்பங்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

இப்படிக்கு,
நகருக்குள் வசிக்கும் ஒரு வரி செலுத்துநர்